விடை பெற்றுச் செல்லுதல்

(மகாவீர ஜெயந்தி விழாவின் இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

தமிழில் ‘விடை’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் பெருவழக்காக உள்ளன. வினாவுக்குச் சொல்லும் மறுமொழி விடை. புறப்படுவோர்க்கு இருப்போர் அளிக்கும் இசைவும் விடை. மாணவனை நோக்கி ‘விடை கூறு’ என்கிறார் ஆசிரியர். தாயை நோக்கி ‘விடை கொடு’ என்கிறான் மகன். இரு பொருளும் ஒரு சொல்லில் வந்து தங்கியிருப்பதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. புறப்படுகிறவன் முதலில் விடை கூற வேண்டும்; பிறகுதான் அவனுக்கு விடை கிடைக்கும். கூறிய விடை மெய்யாயின் கிடைத்த விடையும் நிலைக்கும். பொய்யாயின் அது எந்நேரத்திலும் பறிபோகும்.

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. அவற்றுள் ஓதலும் ஒன்று. பொருள் தேடுதலும் ஒன்று. இன்று தமிழ்ச் சமண இல்லங்களிலிருந்து பிள்ளைகள் இலண்டனுக்கும் சிட்னிக்கும் துபாய்க்கும் புறப்படுவதும் அவ்விரு காரணங்களாலேயே. காரணம் பழையது. விடை கேட்கும் வாயில்தான் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை அறிந்துகொள்ள ஓர் இளைஞரின் கதையிலிருந்து தொடங்குவது நலம். அவையோர் அறிந்த கதைதான். ஆயினும் அதில் ஒரு சமண முனிவருக்குள்ள பங்கு அடிக்கடி பேசப்படுவதில்லை.

1888ஆம் ஆண்டு. கத்தியவாரில் இராஜ்கோட் நகரில் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்னும் பதினெட்டு வயது இளைஞர் இருந்தார். மெட்ரிகுலேஷன் தேறியபின் பவநகரத்துச் சாமள்தாஸ் கல்லூரியில் சேர்ந்தவர், பாடம் பிடிபடாமல் முதற்பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். தந்தையார் 1885இல் மறைந்துவிட்டார். அந்நிலையில் குடும்ப நண்பரான மாவ்ஜி தவே என்னும் அந்தணர் ஒரு யோசனை கூறினார். இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டராகத் திரும்பினால் தந்தையின் திவான் பதவிக்குத் தகுதி உண்டாகும்; நாலைந்தாயிரம் ரூபாய் செலவாகும் என்றார். இளைஞருக்கு அச்சொல் இனித்தது. அந்த நொடியிலிருந்து அவர் விடை கேட்டு வாயில் வாயிலாக ஏறி இறங்கத் தொடங்கினார்.

முதல் வாயில் சிறிய தந்தையார். அவர் இருந்த போர்பந்தருக்கு அன்று இரயில் இல்லை. தோராஜி வரை மாட்டுவண்டியிலும், அங்கிருந்து ஒட்டகத்திலும் சென்றார் மோகன்தாஸ். ஒட்டகத்தில் அவர் ஏறியது அதுவே முதன்முறை. பெரியவர் தாம் தீர்த்த யாத்திரை புறப்படும் வயதில் இருப்பதாகவும், கடல் கடக்க இசைவு தருவது தமக்குப் பொருந்தாது என்றும், ஆயினும் குறுக்கே நிற்கப்போவதில்லை என்றும் கூறினார். தாயின் அனுமதியே மெய்யான அனுமதி என்பது அவர் முடிவு.

இரண்டாம் வாயில் அரசாங்கம். போர்பந்தர் நிருவாகத்தைக் கவனித்துவந்த லேலி என்னும் ஆங்கில அதிகாரியிடம் உதவித்தொகை கேட்கச் சென்றார். படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்த அதிகாரி, முதலில் பட்டம் பெற்று வா என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மனைவியின் நகைகளை விற்கலாமா என்று கூட இளைஞர் எண்ணினார். இறுதியில் மூத்த சகோதரர் பொருளுக்குப் பொறுப்பேற்றார்.

மூன்றாம் வாயில்தான் கடினமானது. அன்னையார் புத்லிபாய் விரதங்களில் ஊறியவர். ஒரு சாதுர்மாசத்தில், கதிரவனைக் கண்டாலன்றி உண்பதில்லை என்று நோன்பு பூண்டிருந்தவர். இங்கிலாந்து செல்லும் இளைஞர் கெட்டுப்போகின்றனர், புலாலும் மதுவும் கொள்கின்றனர் என்று அவர் காதில் விழுந்திருந்தது. மகன் தவறமாட்டேன் என்று சொல்லியும் மனம் அமையவில்லை. கண்ணெதிரே இருக்கும்போது மகனை நம்பலாம். கண் காணாத நாட்டில் எதைக்கொண்டு நம்புவது? பேச்சர்ஜி சுவாமியைக் கலந்தே முடிவு சொல்ல முடியும் என்றார்.

பேச்சர்ஜி சுவாமி ஒரு சமண முனிவர். முன்னர் மோத் வணிகர் குலத்தில் பிறந்து, பின்னர்த் துறவு பூண்டவர். வைணவக் குடும்பமான காந்தி இல்லத்துக்கு அவர் அறிவுரையாளராக இருந்தார். அன்னையின் அச்சத்தைக் கேட்ட அவர் ‘போகாதே’ என்று தடுக்கவில்லை. ‘போ, பார்த்துக்கொள்ளலாம்’ என்று கைகழுவவும் இல்லை. அந்த இளைஞரை அருகழைத்து, மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று சூளுறவு செய்வித்தார். அதன் பின்னரே தாய் விடை கொடுத்தார்.

இம்முனிவர் செய்ததன் அருமையை விளங்கிக்கொள்ள, அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். பம்பாயில் மோத் வணிகர் குலத்தார் கூட்டம் கூட்டினர். அக்குலத்தார் எவரும் அதுவரை இங்கிலாந்து சென்றதில்லை. கடற்பயணம் சமயத்துக்கு மாறானது என்றும், அங்கே சமய ஒழுக்கம் காத்து வாழ இயலாது என்றும் தலைவர் கூறினார். தாயின் முன் ஏற்ற விரதத்தை எடுத்துரைத்தும் பயனில்லை. இளைஞர் பணிய மறுத்ததும் அவரைக் குலத்திலிருந்து விலக்கினர். அவருக்கு உதவுவோரும் துறைமுகத்துக்குச் சென்று வழியனுப்புவோரும் ஒரு ரூபாய் நாலணா தண்டம் கட்ட வேண்டும் என்று கட்டளையிட்டனர். பணத்தைக் கையில் வைத்திருந்த மைத்துனர் கட்டுப்பாட்டுக்கு அஞ்சித் தர மறுத்தார். ஒரு நண்பரிடம் கடன் பெற்று 1888 செப்டம்பர் 4ஆம் நாள் அவர் கப்பலேறினார்.

குலத் தலைவருக்கும் முனிவருக்கும் இருந்த அச்சம் ஒன்றே: பிள்ளை ஒழுக்கம் கெடுவான். தலைவர் அந்த அச்சத்துக்கு மருந்தாகக் கதவை அடைத்தார். முனிவர் எல்லை வகுத்துக் கதவைத் திறந்தார். அடைத்த கதவு அவரைத் தடுக்கவில்லை என்பதை வரலாறு காட்டியது. வகுத்த எல்லையோ கடல் கடந்தும் அவருடன் சென்றது.

அவ்வெல்லை அவரைப் பட்டினி போட்டதும் உண்மை. இலண்டனில் தொடக்க மாதங்களில் உப்பும் காரமும் அற்ற வேகவைத்த காய்களையே உண்டார். பரிமாறிய ரொட்டித் துண்டுகளுக்கு மேல் கேட்க நாணி அரைவயிற்றோடு எழுந்தார். எழுத்தறியாத தாயின் முன், இந்த நாட்டின் நிலை அறியாமல் செய்த சூள் செல்லாது என்று நண்பர் ஒருவர் பெந்தாம் நூலைப் படித்துக்காட்டி வாதாடினார். வாதத்தில் வெல்ல இயலாத இளைஞர், விரதம் விரதமே என்று மட்டும் விடை கூறினார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடியபின் ஃபாரிங்டன் தெருவில் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டார். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த சால்ட் என்பவரின் நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் படித்தார். அதுவரை தாய்க்கு அளித்த வாக்குக்காகப் புலால் தவிர்த்தவர், அன்றுமுதல் தம் சொந்தத் தெளிவால் தவிர்த்தார். வீடு விதித்த நிபந்தனை, காலம் கனிந்தபோது அவரது சொந்தக் கொள்கையாயிற்று.

1891 ஜூன் 10ஆம் நாள் அவர் பாரிஸ்டர் ஆனார். 12ஆம் நாள் தாயகத்துக்குக் கப்பலேறினார். விடை கொடுத்த அன்னை அதற்குள் மறைந்துவிட்டார். அயல்மண்ணில் மகன் துயருறக் கூடாதென்று சகோதரர் அச்செய்தியை மறைத்து வைத்திருந்தார். ‘வாக்கைக் காத்தேன்’ என்று சொல்ல ஓடிவந்த மகனுக்கு, கேட்பதற்குத் தாய் இல்லை. திரும்பிய அந்நாள்களில்தான் பம்பாயில் ஸ்ரீமத் இராஜசந்திரரை அவர் முதன்முதலாகச் சந்தித்தார் என்பது சமணர் நினைவில் கொள்ளத்தக்கது.

இந்தக் கதையில் விடை கொடாத ஒருவரும் உண்டு. கஸ்தூர்பா. கைக்குழந்தையோடு நின்ற அவ்விளம்பெண் அழுததையும், போகவேண்டாம் என்று சொன்னதையும் காந்தியடிகள் தம் இலண்டன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். முனிவரையும் சிறிய தந்தையையும் அதிகாரியையும் தேடிச் சென்று கேட்ட வீடு, அப்பெண்ணின் சொல்லைக் கணக்கில் கொள்ளவில்லை. கணவன் அல்லது மனைவி அயல்நாடு செல்ல, மற்றவர் குழந்தையோடு ஊரில் தங்கும் இல்லங்கள் இன்றும் பல. அங்கே முதலில் கேட்கப்பட வேண்டியது தங்குபவரின் விடையே.

கடற்பயணத் தடை காந்தி குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1893இல் சிகாகோவில் நடந்த சர்வசமயப் பேரவைக்கு ஆசாரியர் ஆத்மாராம்ஜி அழைக்கப்பட்டார். துறவு நெறி அவர் கப்பலேற இடந்தரவில்லை. அவருக்குப் பதிலாக வீரசந்த் ராகவ்ஜி காந்தி என்னும் இருபத்தொன்பது வயது இளைஞர் சென்றார். அவரையும் சமூகத்தில் ஒரு சாரார் எதிர்த்தனர். ஆயினும் உணவொழுக்கம் வழுவாமல் சமண அறத்தை அமெரிக்க மண்ணில் எடுத்துரைத்துத் திரும்பினார். துறவிக்கு ஓர் எல்லை, இல்லறத்தானுக்கு வேறோர் எல்லை என்பதை அறிந்து அனுப்பிய ஆசாரியரின் விவேகம் போற்றத்தக்கது.

அவையோரே! அன்றைய நிலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்தியடிகள் இங்கிலாந்தில் இறங்கியபோது அவரிடம் எவரும் விசா கேட்கவில்லை. வீடு தடுத்தது, குலம் தடுத்தது, நாடு தடுக்கவில்லை. பிரிட்டனின் அயலார் சட்டம் 1905இல்தான் வந்தது. இந்தியாவில் கடவுச்சீட்டுச் சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. காமன்வெல்த் நாட்டினர் பிரிட்டனில் தடையின்றிக் குடியேறும் நிலையை 1962ஆம் ஆண்டுச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. இன்றோ நிலை தலைகீழ். வீடு மகிழ்ந்து அனுப்புகிறது. உற்றார் விமான நிலையம்வரை வந்து மாலையிடுகின்றனர். வினா எழுப்புவது அயல்நாட்டு அரசு.

இங்கே ஒரு வேறுபாட்டை இளைஞர்கள் மனத்தில் பதிக்க வேண்டும். இந்தியக் குடிமகன் அயல்நாடு செல்வது அரசியல் சட்டம் காக்கும் தனிமனித உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே புதிய கடவுச்சீட்டுச் சட்டமும் வந்தது. ஆகவே சட்டத்துக்குட்பட்டுத் தாயகத்திலிருந்து புறப்படுதல் உரிமை. பிறநாட்டில் புகுதலும் அங்கே தொழில் செய்தலும் அந்நாடு தரும் இசைவு. உரிமையை வாதாடிப் பெறலாம். இசைவைத் தகுதி காட்டியே பெறமுடியும்.

எடுத்துக்காட்டாக, இந்தியாவும் பிரிட்டனும் உடன்பட்டு 2023இல் தொடங்கிய இளந்தொழில்வல்லுநர் திட்டத்தைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 3,000 இந்திய இளைஞர் வரை பிரிட்டனில் இரண்டாண்டு வாழவும் பணிபுரியவும் இத்திட்டம் இடந்தருகிறது. வயது 18 முதல் 30க்குள் இருக்க வேண்டும். இளங்கலைப் பட்டமோ அதற்கு மேற்பட்ட தகுதியோ வேண்டும். சேமிப்பாக 2,530 பவுண்டு, அதாவது மூன்று இலட்ச ரூபாய்க்குச் சற்று முன்பின், தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். உடன் வாழும் அல்லது பொருளாதார வகையில் தம்மைச் சார்ந்திருக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருத்தலாகாது. இந்தியாவில் வாழ்வோர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் காட்ட வேண்டும்.

முன்கூட்டியே வேலை உறுதி பெற்றிருக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. முதலில் இணையவழிக் குலுக்கலில் பெயர் பதிய வேண்டும். அக்குலுக்கல் ஓரிரு நாள் மட்டுமே திறந்திருக்கும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பெயர் எழுந்துவிட்டால் விசா கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. அதன்பின் குறித்த காலத்துக்குள் விண்ணப்பித்து, விசாக் கட்டணமும் மருத்துவத் தீர்வையும் செலுத்த வேண்டும். அத்தீர்வை 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு. இரண்டாண்டுக்கு 1,552 பவுண்டு. இக்கணக்கை முன்பே போட்டுப் பாராமல் குலுக்கலில் பெயர் வந்தபின் கடனுக்கு அலைவது துன்பம் தரும்.

ஆஸ்திரேலியாவும் இந்தியருக்கு ஆண்டுக்கு 1,000 இடங்களைத் தன் ‘பணியும் விடுமுறையும்’ விசாவில் 2024 முதல் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறது. அது பன்னிரண்டு மாதங்களுக்கானது. ஒரு முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதங்களே பணிபுரியலாம். ஊர் சுற்றிப் பார்த்தல் நோக்கம், வேலை அதற்குத் துணை என்பது அவ்விசாவின் இயல்பு. இதை அறியாமல் நிலைத்த வேலைக்கு வழி என்று எண்ணிச் செல்வோர் ஏமாறுவர்.

அனுமதிகளுள் கட்டுண்ட அனுமதி, கட்டற்ற அனுமதி என இரு வகை உண்டு. மேற்கூறிய பிரிட்டன் திட்டம் கட்டற்றது. ஒரு வேலையை விட்டு மற்றொன்றில் சேரலாம். பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவோ ஒரு முதலாளியின் பொறுப்பேற்பில் தரப்படுவது. அவ்வேலை போயின் வேறொரு பொறுப்பாளரைத் தேடவோ திரும்பவோ பொதுவாக 60 நாளே தவணை. வளைகுடா நாடுகளிலும் முதலாளியோடு பிணைந்த அனுமதியே நெடுங்கால வழக்கம்.

கட்டுண்ட அனுமதியின் கொடுமையைத் தமிழர் வரலாறு அறியும். 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரை டர்பன் துறையில் கொண்டுபோய் இறக்கியது. ஐந்தாண்டுக்கு முதலாளியோடு பிணைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே சுதந்திரமாக வாழ விரும்புவோர் மீது நேட்டால் அரசு 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதித்தது. உழைப்பு வேண்டும், உழைத்தவர் தங்க வேண்டாம் என்பதே அதன் பொருள். அவ்வரி 1914இல்தான் நீங்கியது. அதை எதிர்த்த போராட்டத்தை நடத்தியவர், 1893இல் ஓராண்டு வேலைக்கென 105 பவுண்டு ஊதியத்தில் தென்னாப்பிரிக்கா சென்ற அதே மோகன்தாஸ். ஆகவே கையெழுத்திடுமுன் இளைஞர் கேட்டறிய வேண்டிய வினா ஒன்று: இந்த அனுமதி யாரோடு என்னைப் பிணைக்கிறது? வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம்?

இனி, உரையின் மையத்துக்கு வரலாம். இத்தனை வினாக்களுக்கும் மெய்யான விடை கூறத் தகுதியில்லாதபோது சிலர் பொய்யான விடையை நாடுகின்றனர். இதற்கென்றே முகவர் சிலர் இருக்கின்றனர். சேமிப்பு இல்லையா? குறித்த நாள்களுக்கு மட்டும் பணத்தைக் கணக்கில் போட்டு எடுத்துக்கொள்ள வட்டிக்கு ஆள் உண்டு. அனுபவம் இல்லையா? நடக்காத நிறுவனத்தின் பெயரில் பணிச்சான்று உண்டு. ஊரெல்லாம் இதைத்தானே செய்கிறது என்று பெற்றோரும் வாய்மூடி இருந்துவிடுகின்றனர்.

தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் அணுவிரதங்களுக்கு நேரும் அதிசாரங்களை, அதாவது இழுக்குகளை, ஒன்றொன்றாக எண்ணிச் சொல்கிறது. வாய்மை விரதத்துக்குரிய இழுக்குகளில் ஒன்று கூடலேகக் கிரியை. பொய்யான எழுத்தை, பொய் ஆவணத்தை ஆக்குதல் என்பது அதன் பொருள். கள்ளாமை விரதத்துக்குரிய இழுக்குகளில் இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று அரசின் நெறிக்கு மாறாக ஒழுகுதல். மற்றொன்று பிரதிரூபக வியவகாரம், அதாவது போலியை உண்மைபோல் வழங்குதல். வங்கிச் சான்றும் விசாவும் இல்லாத காலத்திலேயே, பொய் எழுத்தும் போலியும் விரதத்தைக் கெடுக்கும் என்று கண்டு பெயரிட்டு வைத்திருக்கின்றனர் ஆசாரியர். தசலட்சணப் பருவத்தில் அந்நூலைப் பாராயணம் செய்யும் இல்லத்தில் போலிச் சான்று புகலாமா?

அறத்துக்கு அஞ்சாதோர் சட்டத்துக்கேனும் அஞ்ச வேண்டும். விண்ணப்பத்தில் வஞ்சனை செய்தது தெரியவந்தால் பிரிட்டன் அவ்விண்ணப்பதாரருக்குப் பத்தாண்டு வரை விசா மறுக்கும். இருபத்து நான்கு வயதில் சொன்ன ஒரு பொய், முப்பத்து நான்கு வயதுவரை வாயிலை அடைத்து நிற்கும். பிற நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போதும் ‘முன்னர் விசா மறுக்கப்பட்டதா?’ என்ற வினா பின்தொடரும். முகவரோ பணத்தைப் பெற்றுக்கொண்டு வேறொரு பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்திருப்பார்.

நேரிய வழிகள் இல்லாமல் இல்லை. அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவெண்ணை நடுவண் அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் இயங்கிவருகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் கடவுச்சீட்டில் குடிபெயர்வுச் சோதனைக் குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அவர் முன் அனுமதி பெற வேண்டும். இது தடையன்று, அறியாதோரை ஏய்ப்போரிடமிருந்து காக்கும் வேலி. சுற்றுலா விசாவில் சென்று வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் அவ்விடத்தைவிட்டு எழுந்துவிடுவதே அறிவுடைமை.

பெரியோர் சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். சாவகருக்குரிய விரதங்களில் திக்விரதம் உண்டே, இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்லேன் என்று வாழ்நாளுக்கும் எல்லை வகுப்பதல்லவா அது, கடல் கடத்தல் அதற்கு முரண் அல்லவா என்பர். திக்விரதம் செல்லாதே என்று சொல்லவில்லை. ஆசைக்கு எல்லை குறித்துக்கொள், குறித்ததைக் கடவாதே என்றே சொல்கிறது. அவ்விரதத்தின் இழுக்குகளாக எண்ணப்படுபவற்றில் இரண்டு இன்றைய இளைஞருக்கென்றே சொல்லப்பட்டவைபோல் தோன்றும். ஒன்று, பேராசையால் எல்லையைத் தானே விரித்துக்கொள்ளுதல். மற்றொன்று, வகுத்த எல்லையை மறந்துபோதல்.

விசாவும் அப்படிப்பட்ட எல்லையே. இடத்துக்கு எல்லை, காலத்துக்கு எல்லை, தொழிலுக்கு எல்லை. இரண்டாண்டுத் திட்டத்தை நீட்டிக்க இயலாது என்று முன்பே சொல்லித்தான் தருகின்றனர். ஆயினும் இருபத்து மூன்றாம் மாதத்தில்தான் சிலருக்கு அது நினைவுக்கு வருகிறது. நாள் கடந்து தங்கியவர் நல்ல வாடகை வீட்டுக்கும் நல்ல வேலைக்கும் தகுதி இழக்கிறார். கூலி தராத முதலாளியைப் பற்றி முறையிட அஞ்சுகிறார். ஊரில் தாய் மறைந்தால் வந்து முகம் காணவும் தயங்குகிறார். போனால் திரும்பவும் புக முடியாதே. பொருள் தேடப் போனவர் இங்ஙனம் தம்மையே இழக்கிறார்.

ஆதலால் பெற்றோர் கடமை பெட்டி கட்டிக் கொடுப்பதோடு முடிவதில்லை. அரசு அதிகாரி கேட்கும் வினாக்களுக்கு முன்பாக வீட்டில் சில வினாக்கள் எழ வேண்டும். போகும் நாட்டு அனுமதியின் விதிகளைப் பிள்ளை தானே படித்திருக்கிறானா, முகவர் வாய்ச்சொல்லை நம்பியிருக்கிறானா? விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் மெய்யா? கடன் வாங்கியிருந்தால், வேலை அமையாவிட்டால் எதைக்கொண்டு அடைப்பது? எந்த நாளில் அனுமதி முடிகிறது, அதன்பின் என்ன செய்வதாக எண்ணம்? இவற்றைக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. புத்லிபாய் தம் மகனை நம்பியவர்தான், எனினும் கேட்டார்.

கேட்பதோடு ஒன்று கொடுக்கவும் வேண்டும். ‘வேலை கிடைக்காவிட்டால் நாணமின்றித் திரும்பி வா, இந்த வீட்டுக் கதவுக்கு விசா இல்லை’ என்னும் உறுதியே அது. தோற்றுத் திரும்பினால் ஊர் சிரிக்கும் என்னும் அச்சத்தால்தான் பல பிள்ளைகள் அயல்மண்ணில் பொய்யான வழிகளில் கால் வைக்கின்றனர். அந்த அச்சத்தை நீக்குவது பெற்றோர் கையில் இருக்கிறது. உற்றாரும் ‘எவ்வளவு அனுப்புகிறான்?’ என்று கேட்பதைக் குறைத்து ‘எப்படி இருக்கிறான்?’ என்று கேட்கப் பழகுதல் நன்று.

இளைஞர்களே! பேச்சர்ஜி சுவாமி காட்டிய நெறி இன்றும் பழுதுபடவில்லை. புறப்படுமுன் ஜினாலயத்துக்குச் செல்லும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அன்று கும்பிட்டுத் திரும்புவதோடு அமையாமல், பெற்றோர் முன்னிலையில் தமக்கென மூன்று எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உணவில் ஓர் எல்லை; பொருளில் ஓர் எல்லை; அந்நாட்டு விதிகளில் அனுமதி முடியும் நாள் என்னும் எல்லை. அவற்றை எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டு அரசு தந்த முத்திரை ஒரு பக்கமும், வீடு தந்த விரதம் மறுபக்கமும் இருக்கட்டும். முத்திரை குறித்த நாளில் காலாவதியாகும். விரதம் திரும்பிவரும் வரையிலும், திரும்பி வந்த பின்னும் துணைநிற்கும்.

மெய்யான விடை கூறிச் செல்லும் பிள்ளைக்கு, மகிழ்ந்து விடை கொடுப்பது பெரியோர் கடமை.